குனிஞ்சு பாருங்க சார்!

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் போய் இறங்கியதும், எல்லோரையும் போல நானும் முதலில் செய்த காரியம் அண்ணாந்து பார்த்ததுதான். வானத்துக்கும் பூமிக்குமாகத் தேக்கு மரங்கள்! கழுத்து வலிக்கிற வரை பார்த்துவிட்டு, ''அடேயப்பா, என்ன காடு!'' என்றேன்.

கூட வந்த வழிகாட்டி சிரித்தார். காடர் இனத்துப் பெரியவர். ''மேலே பார்த்தா மரந்தான் சார் தெரியும். காடு தெரியணும்னா குனிஞ்சு பாருங்க. கீழே கன்னு இருக்கா?''

குனிந்தேன். காய்ந்த தேக்கிலை, உண்ணிச்செடிப் புதர், அங்கங்கே புல். தேக்கங்கன்று தேடினால்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியார்களை மட்டும் எண்ணிவிட்டு, 'பிள்ளைகள் எங்கே?' என்று கேட்காமல் திரும்ப இருந்த ஆசாமி நான்!

வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் இதற்கு டாப்ஸ்லிப் என்று பெயர். கப்பல் கட்டவும், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடவும் 19-ம் நூற்றாண்டில் சகட்டுமேனிக்கு வெட்டித் தள்ளினார்கள். மலை மொட்டையாகிக் கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. 'வேரோடு தோண்டாதே, அடிக்கட்டையை விட்டுவிட்டு வெட்டு' என்றார். தேக்குக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிய கட்டையிலிருந்து தளிர் கிளம்பும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் விறுவிறுவென்று வளரும். அதோடு, பை நிறைய விதை வைத்துக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குத்திக் குத்தி விதைத்தபடியே நடப்பாராம் மனிதர். 1933-ல் இறந்த அவருடைய சமாதி, அவர் ஆசைப்படியே இங்கே தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. 'என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா? சுற்றிலும் பார்' என்ற அர்த்தத்தில் லத்தீனில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள்.

சுற்றிலும் பார்த்தேன். நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால், தேக்கு வெயில் பிரியன். தாய்மர நிழலில் கன்று தேறாது. போதாக்குறைக்குக் கோடையில் தீ வேறு! தண்டு கருகும், வேர் மட்டும் தாக்குப்பிடிக்கும், மழைக்கு மறுபடி துளிர்க்கும், மறுபடி கருகும். நாலைந்து வருஷம் தீ வராமல் காத்தால்தான் கன்று தலைதூக்க முடியும். 'நட்டாச்சு' என்று கையைத் தட்டிவிட்டுப் போகிற சமாச்சாரமே இல்லை.

பக்கத்திலேயே கரியன் சோலை. உள்ளே நுழைந்தால் ஏ.சி. போட்ட மாதிரி! இங்கே பெரியவர் சொல்லாமலே குனிந்தேன். கால் வைக்க இடமில்லை; அத்தனையும் கன்றுகள். ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் அசையாமல் நிற்கின்றன.

''ஏன் பெரியவரே வளரவே இல்லை?''

''காத்துக்கிட்டு இருக்குதுங்க சார். பெரிய மரம் ஒண்ணு விழுந்து வெயில் இறங்கணும். அப்பத்தான் இதுங்களுக்கு வழி.''

அட, நம்ம ஊர் ரயிலில் ஆர்.ஏ.சி. டிக்கெட்! சில கன்றுகள் வருஷக் கணக்கில் இப்படி நிற்குமாம். பெர்த் காலியானதும் சட்டென்று எழும்பும். மழைக்காட்டு விதைகள் பலவற்றை வீட்டு வித்து மாதிரி காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். அதனால் காட்டின் சேமிப்பெல்லாம் இந்தக் கன்றுகள்தான். கருங்குங்கிலியம் போன்ற பெரிய பழங்களை விழுங்கித் தொலைவில் கொட்டையைப் போடுவது இருவாச்சிப் பறவை. அதற்குக் கூடு கட்டப் பெருமரத்துப் பொந்து வேண்டும். மரம் போனால் பறவை போச்சு. பறவை போனால் அடுத்த மரம் போச்சு!

மறுநாள் கீழே இறங்கி, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு சுற்றி வால்பாறை. தேயிலைக்கு நடுவே தீவு தீவாக மிச்சமிருக்கும் காடுகள். ஒரு காப்பித் தோட்டத்தில் பிரமாண்டமான காட்டு மரங்கள் நிழலுக்கு நின்றன. 'பேஷ்' என்று சொல்ல வாயெடுத்தவன் வழக்கப்படி குனிந்தேன். ஒரு கன்று கிடையாது! களையோடு களையாகச் செதுக்கிவிடுகிறார்கள். பிள்ளைகளெல்லாம் பட்டணம் போய், கிழவர்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிராமம் மாதிரி இருந்தது. இந்தக் கிழவர்கள் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வருவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்!

அப்படியானால் சும்மா விட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடுமா? நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இங்கே தோட்டக் கம்பெனிகளோடு சேர்ந்து, சீரழிந்த துண்டுக் காடுகளில் களை எடுத்து, அந்த மண்ணுக்குரிய மரங்களைப் பல வகையாகக் கலந்து நட்டு வந்திருக்கிறது. நட்டு 7 முதல் 15 வருஷம் கழித்து, நட்ட இடத்தையும் சும்மா விட்ட இடத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளியானது. நட்ட இடத்தில்தான் நிழலும் மர வகைகளும் அதிகம். பெரிய காட்டை விட்டு விலக விலக இந்த வித்தியாசமும் கூடியது. காட்டுக்குப் பக்கத்தில் பறவை நடும். எட்டாத தூரத்தில் மனுஷன்தான் கை கொடுக்கணும். எங்கே ஒதுங்கி நிற்பது, எங்கே ஓடிப்போய் உதவுவது என்று தெரிந்துகொள்வதுதான் சூட்சுமம். பிள்ளை வளர்ப்பு மாதிரியேதான்!

ஊர் திரும்பிய வாரமே எங்கள் ஏரியாவில் மரம் நடு விழா. என் கையிலும் ஒரு கன்றைத் திணித்தார்கள். பழக்கதோஷத்தில் குழிக்குள் குனிந்து பார்த்தேன். போன வருஷம் நட்ட கன்றின் காய்ந்த குச்சி அப்படியே இருந்தது.

''இதுக்கு யாருங்க தண்ணி ஊத்தினது?'' என்று கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் போட்டோகிராபர் கத்தினார்:

''சார், குனியாதீங்க... நிமிர்ந்து இங்கே பாருங்க!''