சைபீரியாவுல செடி வளர்ந்தா, பழவேற்காட்டுக்கு என்ன பாஸ்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு வாரம் ஷிஃப்ட் பார்த்துட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில ஆரம்பாக்கத்துல இருந்து கிழக்கே பைக்கை விடுறீங்கன்னு வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துல பழவேற்காடு ஏரியோட வாசம் மூக்குல ஏறிடும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஜனவரி மாதம் என்றால் பூநாரைகள் வரிசைகட்டி நிற்கும். உங்க போன் கேமராவும் நேரா அங்கேதான் போகும்.

ஒரு நிமிஷம், கரைச்சேற்றையும் கொஞ்சம் பாருங்க. சாம்பல் நிறத்துல, குட்டிக்குட்டியா, ஓடி ஓடிக் கொத்திக்கிட்டிருக்குதே... அதெல்லாம் உள்ளான்கள். அதிலும் ரொம்பப் பொடியா இருக்கிற கொசு உள்ளானின் எடை, ஒரு கோழி முட்டையின் எடையில் பாதிகூட இருக்காது. அது பிறந்த ஊர் ஆர்க்டிக் ஓரத்து தூந்திரா. இங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர். ரஷ்யாவின் வட கோடியில் இருக்கும் டைமிர் தீபகற்பத்தை எடுத்துக்கிட்டா, நேர்க்கோட்டிலேயே சுமார் 7,000 கி.மீ.!

அந்த ஊரில் இப்போது செடிகள் நடந்துகொள்ளும் விதம் மாறிவருகிறது. அந்தக் கதை இந்தச் சேறு வரைக்கும் வருது.

உறைந்த மண்ணுன்னா என்ன?

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே உறைந்தே கிடக்கும் நிலத்துக்குப் பெயர் பெர்மாஃப்ராஸ்ட். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா என்று விரிந்து கிடக்கிறது. நம்ம லடாக்கின் உயரமான பகுதிகளிலும் உண்டு.

அந்த நிலத்தின் மேல்தோல் மட்டும் கோடையில் இளகும். அந்த மெல்லிய அடுக்குக்குள்தான் செடி வேர்விட்டு, பூத்து, விதைவிட வேண்டும். அதுக்குக் கிடைக்கிற டைம் இரண்டு, மூன்று மாதம்தான். அதனால் அங்கே ஆலமரமெல்லாம் கிடையாது. புல், பாசி, கணுக்கால் உயரப் புதர், அப்புறம் லைக்கன். லைக்கனை நீங்க சாப்பிட்டே இருக்கீங்க. பிரியாணியில் போடுகிற கல்பாசி ஒரு லைக்கன்தான். அதோட வடக்கத்திய சொந்தங்கள்தான் அங்கே பனிமான்களுக்குக் குளிர்காலச் சாப்பாடு.

புதருக்கு வந்த வாழ்வு

1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. சூடு கூடினால் மேல்தோல் ஆழமாக இளகும். வேருக்கு இடமும் சத்தும் கிடைக்கும். இதில் முதலில் ஜெயிப்பது வில்லோ, பிர்ச், ஆல்டர் போன்ற புதர்கள். 1940-களின் கடைசியில் அலாஸ்காவில் எடுத்த விமானப் புகைப்படங்களையும், அதே இடங்களில் ஐம்பது வருஷம் கழித்து எடுத்த படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள் விஞ்ஞானிகள். வெறும் புல்வெளியாக இருந்த சரிவுகளில் புதர் மண்டிக்கிடந்தது. அலாஸ்கா, கனடாவின் 1984 முதல் 2012 வரையிலான செயற்கைக்கோள் படங்களை நாசா ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட 30 சதவிகிதப் பரப்பு முன்பைவிடப் பசுமையாகியிருந்தது.

புதர் உயர்ந்தால் கீழே இருக்கும் லைக்கனுக்கு வெயில் கிடைக்காது. பனிமானுக்குத் தட்டு காலி. சில இடங்களில் மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி உருகி நிலம் இறங்குவதால், மரங்கள் நாலா பக்கமும் சாய்ந்து நிற்கின்றன. அதுக்கு ஆங்கிலத்துல வெச்சிருக்கிற செல்லப் பேரு, 'குடிகார மரங்கள்'!

பச்சையானா நல்லதுதானே?

நியாயமான கேள்வி. செடி வளர்ந்தால் கரியமில வாயுவை இழுக்கும். ஆனா, கணக்கு அதோட முடியலை.

வீட்டு ஃப்ரீசரில் ஒரு கிலோ வஞ்சிரம் வைத்துவிட்டு ஊருக்குப் போறீங்க. இரண்டு நாள் கரன்ட் இல்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தா என்ன ஆகும்? அதுதான் அங்கேயும் நடக்குது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் உறைந்து கிடந்த செடிகொடி, விலங்கு மிச்சங்கள் இளகியதும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். கரியமில வாயுவும் மீத்தேனும் வெளியே வரும். பெர்மாஃப்ராஸ்ட் நிலங்களில் பூட்டிக்கிடக்கும் கார்பன், காற்றில் இப்போது இருப்பதைப் போல சுமார் இரண்டு மடங்கு.

இதில் செடியே இரண்டு பக்கமும் ஆடுகிறது. கோடையில் புதர் நிழல் கொடுத்து மண்ணைக் குளிர வைக்கும். குளிர்காலத்தில் அதே புதர் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ள, அந்தப் பனி மண்ணுக்குக் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும். வெளிக்குளிர் உள்ளே இறங்காது. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கறுத்த கிளைகளோ வெயிலை இழுக்கும். வேர்கள் கசியவிடும் சர்க்கரை, நுண்ணுயிர்களுக்கு எனர்ஜி டிரிங்க்! காட்டுத்தீயையும் சேர்த்துக் கணக்கிட்டால், தூந்திரா இன்று கார்பனை உள்ளே இழுப்பதைவிட அதிகமாக வெளியே விடுகிறது என்று 2024-ல் வந்த அமெரிக்க அரசின் ஆர்க்டிக் அறிக்கை சொன்னது.

உள்ளானோட பிரச்னை என்ன?

டைமிங்தான். பனி உருகியதும் செடி துளிர்க்கும், பூச்சிகள் கிளம்பும். உள்ளான் குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டிவிடாது. பொரிந்த நாளிலிருந்தே தானாக ஓடிப் பூச்சி பிடித்தாக வேண்டும். இதற்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டுமானால், பல வாரம் முன்பே தெற்கிலிருந்து கிளம்ப வேண்டும். அங்கே பனி சீக்கிரம் உருகிடுச்சுன்னு இங்கே இருக்கிற பறவைக்கு யார் வாட்ஸ்அப் அனுப்புவாங்க?

என்ன ஆகும் என்பதை, உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த ரெட் நாட் என்ற பறவை காட்டிவிட்டது. டைமிரில் முட்டையிட்டு, ஆப்பிரிக்காவின் மொரிட்டேனியா கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிப்பது அது. அங்கே 33 ஆண்டுகளில் பனி உருகும் நாள் இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னே நகர்ந்துவிட்டது. பனி சீக்கிரம் உருகிய வருடங்களில் பிறந்த குஞ்சுகள் சிறுத்த உடலோடு, குட்டையான அலகோடு வளர்ந்தன. பிறகு ஆப்பிரிக்கக் கரையில், மணலுக்குள் ஆழத்தில் இருக்கும் சிப்பிகளை அந்த அலகால் எட்ட முடியவில்லை. நிறைய இளம் பறவைகள் பிழைக்கவில்லை. 2016-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இது. பனி உருகியது ஓரிடம், பட்டினி கிடந்தது வேறிடம்.

பழவேற்காட்டுச் சேற்றில் கொத்தும் பறவைகளுக்கும் அதே தூந்திராதான் தாய்வீடு. அதனால இங்கே இருக்கிற சேறு அவங்களுக்கு இன்னும் முக்கியமாகுது. அங்கே குறைந்ததை இங்கேதான் ஈடுகட்ட வேண்டும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

* பறவை கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தால், ரீல்ஸுக்காக ஓடிப் பறக்க வைக்காதீங்க. ஒவ்வொரு முறை பறப்பதும், நீண்ட பயணத்துக்காகச் சேர்த்து வைக்கிற கொழுப்பில் கைவைப்பது.
* பொங்கல் லீவில் நான்கு நாள் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்க. 15 நிமிஷம், 'இ-பேர்ட்' ஆப், அவ்வளவுதான்.
* உங்க தெருவில் இருக்கும் ஒரு வேம்போ, கொன்றையோ... எப்போ துளிர்க்குது, எப்போ பூக்குதுன்னு 'சீசன்வாட்ச்' திட்டத்தில் பதிவு பண்ணுங்க. அலாஸ்காவுல பழைய போட்டோ சொன்ன கதையை, இங்கே உங்க பதிவுகள் சொல்லும்.

ஏப்ரல், மே வந்தால் உள்ளான்கள் வடக்கே கிளம்பிவிடும். அடுத்த முறை ஏரிக்குப் போகும்போது, பூநாரையை ஒரு போட்டோ எடுத்த கையோட, அந்தச் சேற்றுப் பக்கமும் கேமராவைத் திருப்புங்க. அந்தப் பொடிசு அடுத்த வருஷம் திரும்பி வருதான்னு பார்க்க, அங்கே யாராவது இருக்கணும் இல்லையா?