கதையும் கணக்கும்

நூல்நிலையத்தில் புத்தகங்களை அடுக்குகிறவர்கள் கதைகளையும் நாவல்களையும் ஓர் அலமாரியிலும், சரித்திரம், யாத்திரை, சுயசரிதை, விசாரணை அறிக்கை முதலிய மெய்ந்நிகழ்ச்சி நூல்களை வேறோர் அலமாரியிலும் பிரித்து வைப்பது வழக்கம். தேடி வருகிறவர்களின் சௌகரியத்தை உத்தேசித்துச் செய்த இந்தப் பாகுபாடு, நாளடைவில் வாசகர்களின் மனத்திலும் ஒரு சுவராக எழும்பிவிட்டது. கதைப் புத்தகம் படிப்பது பொழுதைப் போக்கும் காரியம், அறிவு வளர வேண்டுமானால் உண்மை நூல்களையே படிக்க வேண்டும் என்று கருதும் பெரியவர்கள் நம்மிடையே அநேகர். தேதிகளிலும் புள்ளிவிவரங்களிலும் மனித இருதயம் அகப்படுவதில்லை, அதற்கு நாவலே கதி என்று நம்பும் ரசிகர்களும் அநேகர். பல தேசத்து நூல்களை, எந்த அலமாரியைச் சேர்ந்தவை என்று பாராமல் அருகருகே வைத்துப் படித்துவந்ததன் பயனாக எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் வேறு. உலகத்தின் மனச்சாட்சியை அசைத்த நூல்களை இயற்றியவர்களில் பலர் அந்தச் சுவரை மதிக்கவே இல்லை. கதை எழுதுகிறவர் கணக்கெடுப்பவருடைய நேர்மையையும், கணக்கெடுப்பவர் கதை சொல்பவருடைய கருணையையும் கடனாகப் பெற்ற இடங்களிலேதான் அத்தகைய நூல்கள் பிறந்திருக்கின்றன. ருஷ்யா, ஜப்பான், நைஜீரியா, இத்தாலி ஆகிய தேசங்களைச் சார்ந்த சில நூல்களைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

தீவாந்தரத்தில் ஒரு கதாசிரியர்

1890-ஆம் ஆண்டில் ஆன்டன் செகாவுக்கு வயது 30. புஷ்கின் பரிசு பெற்று, தேசமெங்கும் புகழ் பரவியிருந்த சிறுகதாசிரியர், தொழிலால் வைத்தியர், க்ஷயரோகத்தின் அறிகுறிகள் ஏற்கெனவே தலைகாட்டியிருந்த தேகம். அப்படிப்பட்டவர், ருஷ்ய சாம்ராஜ்யத்தின் கிழக்குக் கோடியில், தீவாந்தர சிட்சை பெற்ற கைதிகளைக் கொண்டுபோய் விடும் சகாலின் தீவுக்குத் தாமாகவே புறப்பட்டார். சைபீரியாவின் குறுக்கே அக்காலத்தில் ரயில் கிடையாது. குதிரை வண்டியிலும் ஆற்றுக் கப்பலிலுமாக, வெள்ளத்திலும் சேற்றிலும் உழன்று, ஏறக்குறைய மூன்று மாதம் பிரயாணம் செய்து ஜூலையில் தீவை அடைந்தார்.

தீவின் போலீஸ் இலாகாவுக்குச் சொந்தமான அச்சுக்கூடத்திலேயே ஜனத்தொகைக் கணக்குக்கான சீட்டுகளை அவர் அச்சடித்துக்கொண்டார். பெயர், வயது, மதம், பிறந்த ஊர், தீவுக்கு வந்த வருஷம், தொழில், எழுத்தறிவு, விவாகம் என்று வரிசையாகக் கேள்விகள் அடங்கிய அந்தச் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு மேல் குடிசை குடிசையாக ஏறி இறங்கினார். சுமார் 10,000 பேருடைய விவரங்கள் சேர்ந்தன. ஆயினும் கணக்கின் முடிவைக் காட்டிலும், கணக்கெடுக்கப் போகும்போது மனத்தில் படியும் அனுபவங்களையே தாம் பெரிதாக எண்ணியதாக அவர் தமது நூலில் சொல்லுகிறார். கதாசிரியரும் கணக்காளரும் ஒரே மனிதராக நின்ற அபூர்வமான இடம் அது.

ஒரு குடிசையில் பெரியவர்கள் யாரும் இல்லை. வெறுங்காலும் கூனிய தோளுமாகப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் இருக்கிறான். தகப்பன் பெயரைக் கேட்டால் தெரியாது என்கிறான். கூட வாழ்கிறவன் சொந்தத் தகப்பன் அல்ல, தாயோடு சேர்ந்திருப்பவன் என்று மெல்ல விளங்குகிறது. தாய் சுமங்கலியா, விதவையா என்றால், விதவை, புருஷனை முன்னிட்டுத்தான் இங்கே வந்தாள் என்கிறான். அதன் பொருள் என்னவென்று வந்தவர் மீண்டும் கேட்க, அவனைக் கொன்றுவிட்டாள் என்று சிறுவன் சாதாரணமாகப் பதில் சொல்கிறான். சீட்டிலே 'விதவை' என்ற ஒரு சொல்லாக அடங்கிவிடக்கூடிய விஷயம் இது. சீட்டு அவசியம், அது இல்லாவிட்டால் இந்தக் குடிசைக்குள் நுழைய நியாயமே இருந்திராது. சீட்டு போதாது, அதில் எழுத இடமில்லாததையும் கேட்டுக்கொண்டதனாலேயே அந்தச் சிறுவன் இன்றும் நம் முன் நிற்கிறான்.

ஒரு கைதிக்கு 90 கசையடி கொடுப்பதையும் செகாவ் நேரில் கண்டார். தண்டனைக்கு முன் அவனுடைய இருதயம் எத்தனை அடி தாங்கும் என்று வைத்தியர் ஒருவர் பரிசோதிப்பதை, தாமும் வைத்தியரான செகாவ், குரலை உயர்த்தாமல், ஒரு வசவும் சொல்லாமல் எழுதுகிறார். அந்த நிதானமே வாசகனைத் தப்பவிடுவதில்லை. கடல் வழியாக ஹாங்காங், சிங்கப்பூர், இலங்கை ஆகிய இடங்களைத் தொட்டுத் திரும்பியபோது, கப்பலில் மாண்ட இருவருடைய சவங்கள் சமுத்திரத்தில் விடப்பட்டதை அவர் பார்த்தார். அந்த வருஷம் முடிவதற்குள் வெளிவந்த 'குஸெவ்' என்ற கதையில், கப்பலிலேயே மரணமடையும் ஓர் ஏழைச் சிப்பாயின் உடல் பாய்த்துணியில் தைக்கப்பட்டுக் கடலின் ஆழத்தில் இறங்குகிறது. 'சகாலின் தீவு' நூலாக வெளிவந்தது 1895-இல். ஒரே யாத்திரை இரண்டு அலமாரிகளுக்கும் நூல் தந்தது. இரண்டிலும் எழுதியது ஒரே கை.

ஒரே காலை, இரண்டு நூல்கள்

1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவின் மேல் அணுகுண்டு வெடித்தது. அடுத்த ஆண்டு அந்நகருக்குச் சென்ற அமெரிக்க நிருபர் ஜான் ஹெர்ஸி எழுதிய 'ஹிரோஷிமா' என்ற கட்டுரைக்காக, 1946 ஆகஸ்டு 31-ஆம் தேதியிட்ட 'நியூயார்க்கர்' பத்திரிகை தன் இதழ் முழுவதையும் ஒதுக்கியது. ஆலை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒரு பெண், தையற்காரரின் விதவை, இரண்டு வைத்தியர்கள், ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர், ஜப்பானியப் பாதிரியார் ஒருவர் ஆக ஆறு பேர் அந்தக் காலையில் எங்கே இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே அதன் விஷயம். குமாஸ்தாப் பெண் பக்கத்து மேஜைத் தோழியிடம் பேசுவதற்காகத் தலையைத் திருப்புகிற கணத்தில், பின்னால் நின்ற புத்தக அலமாரிகள் சரிந்து விழுந்து அவளுடைய காலை நசுக்குகின்றன. அணுயுகத்தின் முதல் நிமிஷத்தில் ஒரு மனுஷி புத்தகங்களின் அடியில் நசுங்கிக் கிடந்தாள் என்ற விவரத்தைப் புத்தகங்களை நேசிக்கிற எவராலும் எளிதில் கடந்துபோக முடியாது.

இந்தக் கட்டுரையின் அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஹெர்ஸி பிரயாணத்தின் நடுவே நோயுற்றுக் கப்பலில் படுத்திருந்தபோது, தார்ன்டன் வைல்டர் 1927-இல் எழுதிய 'சான் லூயி ரேயின் பாலம்' என்ற நாவல் அவர் கைக்குக் கிடைத்தது. பெரு தேசத்தில் ஒரு கயிற்றுப் பாலம் அறுந்து ஐந்து பேர் மாண்டுபோகிறார்கள்; அந்த ஐவருடைய வாழ்க்கைகளும் எப்படி அந்தப் பாலத்துக்கு வந்து சேர்ந்தன என்று ஆராய்வது அந்த நாவல். ஒரு பேராபத்தைச் சிலருடைய வாழ்க்கை வழியாகச் சொல்லும் முறையை ஹெர்ஸி அதிலிருந்தே கற்றுக்கொண்டார். சம்பவத்தை விசாரித்து அறிந்தவர் நிருபர். அதைச் சொல்லும் வகையை அவருக்குப் போதித்தது நாவல்.

இருபது ஆண்டு கழித்து, ஹிரோஷிமா மாகாணத்திலேயே பிறந்தவரான மஸூஜி இபூஸே 'கருமழை' என்ற நாவலை எழுதினார். 1965-இலும் 1966-இலும் தொடராக வெளிவந்த இந்நாவலின் ஆதாரம், குண்டுவீச்சில் தப்பிய ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பு. கதையின் பிரச்சினையோ நம் குடும்பங்களில் யாருக்கும் உடனே விளங்கக்கூடியது. ஷிகேமட்ஸு என்பவர் தமக்கு மருமகள் முறையான யாஸுகோவுக்கு வரன் தேடுகிறார். அவள் குண்டு விழுந்த அன்று நகரத்துக்குள் இருந்தவள், நோயாளி என்று ஊரில் வதந்தி. வந்த வரன்களெல்லாம் தட்டிப்போகின்றன. வதந்தி பொய்யென்று நிரூபிக்க, அவளுடைய நாட்குறிப்பைப் பிரதி செய்து தரகருக்கு அனுப்ப முற்படுகிறார். ஆனால் அந்தக் குறிப்பிலேயே அவள்மீது கருமழை பெய்த செய்தி இருக்கிறது. அந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்ற தயக்கம் வீட்டில் எழுகிறது. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்ற தர்மமும், பெண்ணுக்கு ஒரு வாழ்வு அமைய வேண்டும் என்ற பாசமும் ஒரு காகிதத்தின்மேல் மோதுகின்றன. ஷிகேமட்ஸுவின் மனைவி யுத்தகாலத்தில் என்ன சமைத்தோம், எதைத் தின்று உயிர் வாழ்ந்தோம் என்று தனியே ஒரு குறிப்பு எழுதித் தருகிறாள். பிரதி எழுதி முடிவதற்குள் யாஸுகோவின் உடம்பில் நோய் வெளிப்பட்டுவிடுகிறது.

நிருபர் நாவலிடமிருந்து உருவத்தைப் பெற்றார். நாவலாசிரியர் நாட்குறிப்பிடமிருந்து உயிரைப் பெற்றார். முதல் நூலைப் படிக்காதவனுக்கு அந்தக் காலையில் என்ன நடந்தது என்பது தெரியாது. இரண்டாவதைப் படிக்காதவனுக்கு அந்தக் காலை எத்தனை வருஷம் நீடித்தது என்பது தெரியாது.

ஒரு பாராவில் அடைபட்ட மனிதன்

கணக்கெடுப்பவரிடம் கருணை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை நைஜீரியாவின் சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட 'சிதைவுகள்' என்ற நாவல் காட்டுகிறது. இக்போ மக்களின் உமுவோபியா கிராமத்தில் தன் உழைப்பால் உயர்ந்தவன் ஒக்கோங்க்வோ. அவன் தந்தை உனோகாவுக்குக் குழல் வாசிப்பதில் பிரியம், உழவில் விருப்பமில்லை. வாங்கிய கடன்களை வீட்டுச் சுவரில் சுண்ணக் கோடுகளாகப் போட்டுவைத்து, பெரிய கடன்களை முதலில் தீர்ப்பேன் என்று சொல்லிச் சிறு கடன்காரரைத் திருப்பி அனுப்புகிறவர். அந்தத் தந்தையைப் போல் ஆகிவிடுவோமோ என்ற பயமே மகனுடைய வீரம், உழைப்பு, முரட்டுத்தனம் அனைத்துக்கும் மூலம். தன் வீட்டில் மூன்று வருஷம் வளர்ந்து, தன்னைத் தந்தையென்று அழைத்த இக்கெமெஃபூனா என்ற சிறுவனைக் கொல்ல ஊரார் தீர்மானித்தபோது, கோழை என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்று தானும் அரிவாளை ஓங்குகிறான். கிழங்கு நடும் பருவமும், சமாதான வாரமும், திருமணப் பேச்சும், பஞ்சாயத்தும் நிறைந்த ஒரு நாகரிகம் முழுவதும் நம் கண்முன் எழும்பி நின்ற பிறகே வெள்ளையருடைய மதமும் ஆட்சியும் உள்ளே நுழைகின்றன.

கடைசிப் பக்கத்தில், தூக்கிட்டுக்கொண்ட ஒக்கோங்க்வோவின் உடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கையில், ஆங்கிலேய ஜில்லா அதிகாரி தாம் எழுதப்போகும் நூலைப் பற்றி யோசிக்கிறார். இந்த மனிதனைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதலாம். அவ்வளவு வேண்டாம், ஒரு பாரா போதும் என்பது அவருடைய தீர்மானம். அந்த அதிகாரியின் நூலும் மெய்ந்நிகழ்ச்சி அலமாரியிலேதான் இடம்பெறும். அதில் ஒரு தேதிகூடத் தவறாக இல்லாமலிருக்கலாம். ஆனால் நாவல் முழுவதையும் படித்து வந்த நமக்கு, அந்த ஒரு பாராவில் எத்தனை பெரிய பொய் ஒளிந்திருக்கும் என்பது தெரியும். ஆப்பிரிக்காவைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய கதைகளை இபாடான் சர்வகலாசாலையில் பாடமாகப் படித்தபோது கொண்ட அதிருப்தியே அச்செபேயை எழுதத் தூண்டியது. ஆகவே கற்பனை நூல் இங்கே பிறருடைய ஏடுகளுக்கு எதிராகத் தன் மக்களுக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறது.

எண்ணாக்கப்பட்டவருடைய சாட்சியம்

இத்தாலியில் டூரின் நகரத்து ரசாயன சாஸ்திரி ப்ரீமோ லெவி, யூதர் என்ற காரணத்தால் 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே பெயர் பறிக்கப்பட்டு, 174517 என்ற எண் அவர் கையில் பச்சை குத்தப்பட்டது. உயிருடன் மீண்டு வந்து அவர் எழுதிய 'இவனும் மனிதனா' என்ற நூலைப் பெரிய பதிப்பாளர்கள் ஏற்க மறுத்தார்கள். 1947-இல் சிறிய பதிப்பகம் ஒன்று 2,500 பிரதிகள் அச்சிட்டது. விற்காமல் எஞ்சியவை 1966-இல் புளோரன்ஸ் நகரில் ஏற்பட்ட வெள்ளத்தில் நனைந்து அழிந்தன. 1958-இல் வேறு பதிப்பு வந்த பிறகே உலகம் அதைப் படிக்கத் தொடங்கியது.

லெவியின் நூல் கதையல்ல. ரசாயனக்கூடத்தில் ஒரு பொருளை ஆராய்கிறவருடைய துல்லியத்தோடு, முகாமில் ரொட்டி எப்படிப் பங்கிடப்பட்டது, காலணி பொருந்தாதவன் ஏன் முதலில் சாகிறான், கரண்டிக்கு என்ன விலை என்று அவர் விவரிக்கிறார். அந்நூலின் நடுவே ஓர் அத்தியாயம் உண்டு. சூப்பு அண்டாவைச் சுமந்துவரப் பிரெஞ்சு இளைஞன் ஒருவனோடு நடந்து போகும்போது, அவனுக்கு இத்தாலிய மொழி கற்பிக்க வேண்டி, தாந்தேயின் காவியத்தில் யுலிஸிஸ் பேசும் பகுதியை லெவி நினைவிலிருந்து சொல்லத் தொடங்குகிறார். சில அடிகள் வருகின்றன. சில அடிகள் மறந்துபோயின. மறந்த அடிகளை இணைத்துச் சொல்ல முடியுமானால் அன்றைய சூப்பையே கொடுத்துவிடலாமே என்று தவிக்கிறார். அந்த முகாமில் சூப்பு என்பது ஒரு நாள் ஆயுள். பசித்த மனிதனுக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மறுமொழி எனக்குத் தெரியாது. அதைச் சொன்னவர் பசியை அளந்து எழுதிய ரசாயன சாஸ்திரி.

வாசகன் செய்யக்கூடியது

பிறமொழி இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த பெரியவர்கள் நமக்குச் செய்த உபகாரம் சாமானியமானதல்ல. டி. எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்', க. நா. சு.வின் 'நிலவளம்', த. நா. குமாரஸ்வாமியின் 'ஆரோக்கிய நிகேதனம்' ஆகியவை எத்தனையோ இல்லங்களில் சொந்தத் தமிழ் நாவல்களைப் போலவே போற்றிப் படிக்கப்பட்டன. நாவல்கள் வந்த அளவுக்கு யாத்திரை நூல்களும் சாட்சியங்களும் விசாரணை நூல்களும் வந்து சேர்ந்தால், நம் வாசகர்கள் ஒரு விஷயத்தை இரு கண்களாலும் பார்க்க முடியும்.

ஆகவே நூல்களை ஜோடியாகப் படிக்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன். ஒரு தேசத்தைப் பற்றி நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும், அதே தேசத்தைப் பற்றி, அதே காலத்தைப் பற்றி, கண்டும் கேட்டும் எழுதப்பட்ட நூல் ஒன்றைத் தேடிப் படியுங்கள். உண்மை நூலைப் படித்தவர்கள் அங்கே பிறந்த கதாசிரியர் ஒருவரை நாடுங்கள். இப்படிப் படிக்கிறவருக்கு இரண்டு பழக்கங்கள் ஏற்படும். வெள்ளத்தில் இத்தனை பேர், யுத்தத்தில் இத்தனை பேர் என்று செய்தித்தாளில் ஓர் எண்ணைக் காணும்போது, அவர்கள் யார், காலையில் எங்கே புறப்பட்டார்கள், வீட்டில் யாரை விட்டு வந்தார்கள் என்று மனம் கேட்கும். கண்ணீர் வரவழைக்கும் கதையொன்றைக் கேட்கும்போது, நடந்தது இதுதானா, நேரில் போய் விசாரித்தார்களா, சொல்லாமல் விட்டது எது என்று புத்தி கேட்கும். முதல் கேள்வி இல்லாத அறிவு ஜில்லா அதிகாரியின் ஒரு பாராவில் போய் முடிகிறது. இரண்டாவது கேள்வி இல்லாத இரக்கம், யார் எதைச் சொன்னாலும் நம்பி அவர் பின்னால் போய்விடுகிறது. இவ்விரு கேள்விகளையும் ஒருசேரக் கேட்கத் தெரிந்த ஜனங்களை வெறுப்பின் பக்கம் திருப்புவது எந்த அரசுக்கும் எந்தக் கூட்டத்துக்கும் எளிதல்ல.