சக்கையோடு போகும் சிப்பம்... வெல்ல ஆலையில் லாபம் ஒழுகும் இடங்கள்!

மார்கழி பிறந்துவிட்டால் ஈரோடு மாவட்டம், கவுந்தப்பாடி வட்டாரத்தில் பாகு வாசனை ஊரைத் தூக்கும். இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நாட்டுச் சர்க்கரையைத்தான் பழநி முருகன் கோயில் நிர்வாகம் பஞ்சாமிர்தத்துக்காக வாங்குகிறது. பொங்கல் நெருங்க நெருங்க அச்சு வெல்லத்துக்கும் கிராக்கி கூடும். ஆனாலும், சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும் ஆலைக்காரர்கள் பலருக்கு வெட்டுக்கூலியும் விறகுச் செலவும் போக மிஞ்சுவது சொற்பம்தான்.

ஏலத்தில் விலை எப்படிப் போகும் என்பது யார் கையிலும் இல்லை. கொட்டகைக்குள் வீணாவதைத் தடுப்பது மட்டும் ஆலைக்காரர் கையில் இருக்கிறது. அந்தச் சேதாரம் பெரும்பாலும் கொப்பரைக்குச் சாறு வந்துசேர்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

உருளையில் போவது

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் 600 கிலோ சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உருளைகளின் இடைவெளியைச் சரிசெய்து, தேய்ந்த பற்களைக் கடைசல் பட்டறையில் புதுப்பித்தால் இது 650 கிலோவரை வரும். கூடுதலாக வரும் 50 கிலோ சாற்றிலிருந்து 7, 8 கிலோ வெல்லம் தேறும். நாளொன்றுக்கு 4 டன் ஆட்டும் ஆலையில், தினமும் ஏறக்குறைய ஒரு 30 கிலோ சிப்பம்! பலரும் சக்கையைக் கையில் முறுக்கிப் பார்த்து, ‘சாறு சொட்டவில்லை, போதும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அது போதாது. 100 கிலோ கரும்பை எடைபோட்டுப் பிழிந்து, சாற்றையும் எடைபோட வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது.

கரும்பை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிட வேண்டும். வெட்டிப்போட்ட கரும்பில் சர்க்கரைச்சத்து உடைந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாள் காய்ந்த கரும்பில் எடை குறைவதோடு, பாகும் சரியாக இறுகாமல் பிசுபிசுக்கும். வெட்டு ஆள் கிடைத்தார்கள் என்பதற்காக மூன்று நாளுக்கான கரும்பை ஒரே நாளில் வெட்டிக் குவிப்பவர்கள், கூலியில் மிச்சம் பிடித்து வெல்லத்தில் இழக்கிறார்கள். கொழுந்தாடையைத் தாராளமாகக் கழித்து மாட்டுக்குப் போடலாம். நுனிக்கணுக்களில் சர்க்கரை குறைவு. அவை சேர்ந்தால் வெல்லத்தின் தரமும் கெடும்.

அடுப்பில் போவது

600 கிலோ சாறு, 100 கிலோ வெல்லமாக மாற வேண்டுமானால் 500 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். அதற்கு வேண்டிய எரிபொருளை அந்தக் கரும்பின் சக்கையே தரும். ஆனால், உருளையிலிருந்து வரும் பச்சைச் சக்கையில் பாதி தண்ணீர். அதை அப்படியே அடுப்பில் தள்ளினால், முதலில் அந்தத் தண்ணீரை விரட்டவே வெப்பம் செலவாகும். வெயிலில் பரப்பி, புரட்டிவிட்டு, மொறமொறவென்று காயவைத்த பிறகே எரிக்க வேண்டும். மழைக்கு மூடிவைக்க ஒரு தார்ப்பாய் அவசியம்.

புகைபோக்கியில் கரும்புகை வந்தால், எரியாத எரிபொருள் வெளியே போகிறது என்று அர்த்தம். ஒரேயடியாக அள்ளித் திணிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அடியில் கம்பித்தட்டு அமைத்துச் சாம்பலை அவ்வப்போது இழுத்துவிட்டால் காற்று தாராளமாகக் கிடைக்கும். புகைபோக்கிக்குப் போகும் வழியில் இரண்டாவது கொப்பரை வைத்தால், வீணாகும் சூட்டிலேயே அடுத்த சாறு காய்ந்துவிடும். இப்படிச் சிக்கனம் பிடிக்கும் ஆலைகளில் சக்கை மிஞ்சுகிறது. காகித ஆலைகளுக்குச் சக்கை ஒரு மூலப்பொருள் என்பதால், அதையும் காசாக்க வழியுண்டு. விறகு கட்டுப்படியாகவில்லை என்று சில இடங்களில் பழைய டயரை எரிக்கிறார்கள். உணவுப்பண்டம் காய்ச்சும் இடத்தில் செய்யக்கூடாத காரியம் அது.

தேறாத வெல்லத்தை ஈடுகட்ட வெள்ளைச் சர்க்கரையைக் கலப்பதும் அப்படித்தான். கலப்படம் என்று பிடிபட்டால் மொத்தச் சரக்கும் போச்சு.

கொப்பரையில் மேலே திரளும் அழுக்கை, சாறு தளதளவென்று கொதிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வெண்டைச்செடித் தண்டைத் தட்டி ஊறவைத்த கொழகொழப்பு நீர் இதற்குக் கைகொடுக்கும். எடுத்த அழுக்கைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால், அதிலுள்ள சாறு வடிந்து திரும்பக் கிடைக்கும்; மிச்சம் எருக்குழிக்கு. சுண்ணாம்பு கூடினால் நிறம் கறுத்து, ஏலத்தில் விலை இறங்கும். கெட்டி வெல்லத்துக்குப் பாகு சுமார் 118 டிகிரி செல்சியஸில் பதத்துக்கு வரும். கைப்பதம் தெரிந்தவர் இல்லாத நாளில், ஒரு வெப்பமானி இருந்தால் கருகும் கொப்பரைகள் தப்பும்.

புது அடுப்பு கட்டப் பணம் இல்லாதவர்கள் முதலில் உருளையைச் சரிபார்க்கலாம். பிறகு சக்கையைக் காயவைக்கலாம். அடுப்புச் சுவரின் வெடிப்புகளைக் களிமண்ணால் பூசலாம். கொட்டகைத் தூணில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கொப்பரைக்கும் கரும்பு, சாறு, வெல்லம் மூன்றின் எடையையும், வெளியிலிருந்து வாங்கிய விறகின் செலவையும் எழுதிவந்தால், அடுத்து எதில் கைவைப்பது என்பது பத்து நாளில் தெரிந்துவிடும்.