உயிர் காக்கும் குழாயும் உள்ளே நுழையும் கிருமியும்

தேவர்சோலை எங்கே இருக்கிறது என்று வாசகர்களில் பலர் கேட்கக்கூடும். நீலகிரி என்றவுடன் எல்லோருக்கும் உதகமண்டலத்து ஏரியும் குன்னூர் மலை ரயிலுந்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த மலையின் மேற்குச் சரிவில், கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலையிலே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே இருக்கிறது நம் ஊர். பார்ப்பதற்கு ரம்மியமான இடந்தான். ஆனால் இங்கே ஒருவருக்குத் திடீரென்று மூச்சு முட்டினால், கூடலூரைக் கடந்து உதகைக்குச் செல்ல மேலும் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறவேண்டும். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளுடன் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது, மலைவாசிகளுக்குப் பெரிய ஆறுதல் என்பதில் சந்தேகமில்லை.

மூச்சு முட்டுவதற்குக் காரணங்களா இல்லை? நாகமோ கட்டுவிரியனோ கடித்தால் அதன் விஷம் மூச்சுக்கான தசைகளையே முடக்கிவிடுகிறது. பூச்சிமருந்து உடம்பில் ஏறினாலும் அப்படித்தான். தலையில் பலத்த காயம், கடுமையான கபவாத ஜுரம் என்று இன்னும் எத்தனையோ உண்டு. இப்படிப்பட்ட சமயங்களில் டாக்டர்கள் நோயாளியின் வாய் வழியாக மூச்சுக் குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அதை வெண்டிலேட்டர் யந்திரத்துடன் இணைக்கிறார்கள். நோயாளிக்காக யந்திரம் மூச்சு விடுகிறது. விஷம் இறங்கும் வரையில், காயம் ஆறும் வரையில், உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அற்புத சாதனம் அது.

இந்த வித்தை பிரபலமான கதை சுவாரஸ்யமானது. 1952-ம் ஆண்டில் டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சு முடங்கிய குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் மாண்டுகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தலாம் என்றார். சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு, இரவு பகலாக உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். மரணம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அதுவே வித்து.

ஆனால் உயிரைக் காக்கும் அதே குழாய் ஓர் ஆபத்தையும் உடன் அழைத்து வருகிறது. வெண்டிலேட்டரில் 48 மணி நேரத்துக்குமேல் இருக்கும் நோயாளிக்குப் புதிதாக உண்டாகும் கபவாத ஜுரத்தைப்பற்றித்தான் சொல்லுகிறோம். வந்த வியாதி ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்ந்த வியாதி இன்னொன்று! கனடா தேசத்தார் 1998-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின்படி, முதல் ஐந்து நாட்களில் இந்த அபாயம் நாளொன்றுக்கு நூற்றில் மூன்று வீதம் இருக்கிறது. பிறகு சிறிது சிறிதாகக் குறைகிறது. நாள் ஏற ஏற மொத்த அபாயம் கூடிக்கொண்டே போகிறது என்பதே இதன் பொருள்.

இது ஏன் நேருகிறது? நம் தொண்டையில் இயற்கை ஒரு காவற்காரனை வைத்திருக்கிறது. ஒரு பருக்கை தவறி மூச்சுக் குழலில் இறங்கினால், உடனே இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். குழாய் உள்ளே போனதும் அந்த வாசற்கதவு திறந்தபடியே நிற்கிறது. மயக்க மருந்தினால் இருமலும் அடங்கிவிடுகிறது. வாயிலுள்ள எச்சிலும் இரைப்பையிலிருந்து மேலேறும் திரவமும் குழாயைச் சுற்றியுள்ள காற்றுப் பட்டையின்மேல் தேங்கி, சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் கசிகின்றன. குழாயின் உட்புறத்திலும், குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோல், கிருமிகள் படலமாகப் படிந்துவிடுகின்றன.

தடுக்க வழி உண்டா? உண்டு. பெரும்பாலானவை காசு பெறாத வழிகள். 1999-ல் பார்ஸிலோனா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 86 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். மட்டமாகப் படுக்கவைத்தவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு இந்த ஜுரம் வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. தலைப்பக்கத்தை 45 பாகை உயர்த்திப் படுக்கவைத்தவர்களில் 8 பேருக்குத்தான்! கட்டிலின் ஒரு பக்கத்தை உயர்த்துவதற்கு எந்தச் சீமை மருந்து வேண்டும்?

நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கையைச் சுத்தம் செய்தல், பல்லைப் பிரஷினால் துலக்கிவிடுதல், பட்டையின்மேல் தேங்கும் எச்சிலை உறிஞ்சி எடுத்தல் ஆகியவை மற்ற வழிகள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மயக்க மருந்தைத் தினந்தோறும் குறைத்துப் பார்த்து, “இன்று இவர் தாமாக மூச்சு விடுவாரா?” என்று சோதிப்பது. குழாய் ஒரு நாள் முன்னதாக வெளியே வந்தால் அபாயமும் ஒரு நாள் குறைகிறது அல்லவா?

இவ்வளவு எளிய காரியங்கள் ஏன் எங்கும் ஒழுங்காக நடப்பதில்லை? இவற்றைச் செய்யக் கைகள் வேண்டும். 2020 மே மாதத்தில், கொரோனா நோயை முன்னிட்டு, நம் நாட்டிலேயே செய்யும் 50,000 வெண்டிலேட்டர்களுக்காக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சுதேசி யந்திரங்களைக் குறித்து நாம் பெருமைப்படலாம். ஆனால் யந்திரம் பல் துலக்காது, கை கழுவாது, இரவு இரண்டு மணிக்குக் கட்டிலின் உயரத்தைக் கவனிக்காது. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் அதைச் செய்யவேண்டும். அந்த ஒருவரிடம் நாலு கட்டில்களை ஒப்படைத்தால் அவர்தான் என்ன செய்வார்? யந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தோடு நர்ஸுகளின் எண்ணிக்கைக்கும் பணம் ஒதுக்கும்படி கேட்பது பிரஜைகளாகிய நமது கடமை.

நமது வீடுகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்த ஜுரத்தை உண்டாக்கும் அசினெடோபாக்டர், கிளெப்சியெல்லா முதலிய கிருமிகளில் பல, நம் தேசத்தில் உயர்ந்த ரக மருந்துகளுக்குக்கூட மசிவதில்லை. 2012-ல் நாட்டின் வைத்திய சங்கங்கள் கூடிச் “சென்னைப் பிரகடனம்” செய்தது இந்த விபரீதத்தை உத்தேசித்துத்தான். சாதாரண ஜலதோஷத்துக்கு, டாக்டரைக் கேளாமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் ஒவ்வொரு தடவையும் நாம் கிருமிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைவிட அவை கெட்டிக்கார மாணாக்கர்கள்! ஒரு தடவை கற்றதை மறப்பதே இல்லை.

நெருங்கிய உறவினர் ஒருவர் வெண்டிலேட்டரில் இருக்கும்போது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தார் தங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று மனம் கலங்குகிறார்கள். அப்படியல்ல. உள்ளே போகுமுன் கைகளை நன்றாகக் கழுவுங்கள். “தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா? வாய் சுத்தம் செய்தாயிற்றா? குழாயை எடுக்க இன்று முயன்று பார்த்தீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். மருந்தை நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லும்போது, இன்னும் பலமான மருந்து போடுங்கள் என்று பிடிவாதம் செய்யாதீர்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்டு எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், செய்யவேண்டிய காரியம் மறந்து போகாமலிருக்கும். யந்திரம் மூச்சுத் தருகிறது. அந்த மூச்சு நிலைப்பதற்கு மனிதர்களின் கவனம் வேண்டும்.