எல்லைக்கோட்டில் சட்டம் - 9: மதுரையில் போட்ட ஸ்டே

ஒரு ஃபெடரல் மாவட்ட நீதிபதி போடும் தடை அமெரிக்கா முழுவதையும் கட்டுமா? கட்டாது என்று 2025 ஜூன் 27 அன்று ‘ட்ரம்ப் எதிர் காசா’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்ததைப் போன வாரம் பார்த்தோம். வழக்குப் போட்டவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நிவாரணம்தான், அதற்கு மேல் கிடையாது. சரி, நம் நாட்டில் எப்படி?

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, வானூர் வட்டத்தில் இருக்கிறது இரும்பை. புதுச்சேரி எல்லை இங்கிருந்து சில கிலோமீட்டர். 2017 மே 23 அன்று மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை வெளியிட்டபோது, மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் மாட்டுச் சந்தை கூடாது என்று ஒரு விதி இருந்தது. மத்தியச் சட்டங்களில் ‘மாநிலம்’ என்றால் யூனியன் பிரதேசமும் சேர்த்தி. புதுச்சேரியோ தமிழகக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஆக, அந்த விதிப்படி இரும்பைப் பக்கம் சந்தை கூட்டவே வழியில்லாமல் போனது. டெல்லியில் அந்த விதியை எழுதியவர் புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வேறு ஊர்ச் சந்தைக்கு ஓட்டிப்போனாலும் நிம்மதி இருந்திருக்காது. அந்த 2017 விதிகளின்படி, வெட்டுக்கு விற்கவில்லை என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் விவசாயிதான் என்பதற்கு வருவாய்த் துறை ஆவணம் காட்ட வேண்டும், நம் பக்கத்தில் அது பட்டாவோ சிட்டாவோ. விற்பனைச் சான்று ஐந்து பிரதி. அதில் ஒன்று தாலுகா ஆபீசுக்கு, ஒன்று கால்நடை மருத்துவ அதிகாரிக்கு. வாங்கிய மாட்டை ஆறு மாதத்துக்கு விற்கக்கூடாது. கறவை நின்ற மாட்டை விற்றுப் புது மாடு பிடிக்கும் குடும்பத்துக்கு இது எப்படி இருந்திருக்கும்!

மே 30 அன்று ஒரு பொதுநல மனுவில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, நீதிபதிகள் எம்.வி.முரளிதரன், சி.வி.கார்த்திகேயன் அமர்வு, நான்கு வாரத்துக்கு ஸ்டே கொடுத்தது. அடுத்த நாள் கேரள உயர் நீதிமன்றத்திலும் இதே விஷயம் வந்தது. மாட்டிறைச்சியையோ மாடு வெட்டுவதையோ இந்த விதிகள் எங்கே தடுக்கின்றன என்று கேட்ட அந்த நீதிமன்றம் விதிகளில் கைவைக்கவில்லை. பொள்ளாச்சியில் மாடு பிடித்துப் பாலக்காட்டுக்கு லாரி ஏற்றும் வியாபாரிக்கு இந்தப் பக்கம் விதி உறங்கியது, அந்தப் பக்கம் விழித்திருந்தது. ஒரே அரசிதழ், ஒரே விதி.

ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி கேஹர், நீதிபதி சந்திரசூட் அமர்வு, மதுரைத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது. விதிகளைத் திருத்தி மறுபடி வெளியிடப் போகிறோம் என்று மத்திய அரசே சொல்லிவிட்டதால் யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. உயர் நீதிமன்றத் தடை தானாகவே எல்லை தாண்டுமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அது பழைய கேள்வி. 1953இல் சாகா வெங்கட ராவ் வழக்கில், தேர்தல் ஆணையம் இருப்பது டெல்லியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் ரிட் அங்கே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 1963இல் அரசியல் சட்டத்தைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள். 2004இல் குசும் இங்காட்ஸ் வழக்கில் காற்று மாறி வீசியது. நாடாளுமன்றச் சட்டம் அரசியல் சட்டப்படி செல்லுமா என்பதில் ஓர் உயர் நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணை, இடைக்கால ஆணையே ஆனாலும், இந்தியா முழுவதும் செல்லும் என்று அதில் ஒரு வரி எழுதினார்கள். ஆனால் அந்த வழக்கை முடிக்க அந்த வரி தேவைப்படவில்லை. குழப்பம் அங்கிருந்துதான்.

2021இல் அது முற்றியது. தகவல் தொழில்நுட்ப விதிகள் சிலவற்றுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் தடை போட்டது. செப்டம்பரில் டி.எம்.கிருஷ்ணா உள்ளிட்டோரின் மனுக்களை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், பம்பாய்த் தடை நாடு முழுவதும் செல்ல வேண்டியதே என்றது. டிசம்பரிலோ, எலெக்ட்ரோஸ்டீல் வழக்கில் நேர் எதிர். சுற்றுச்சூழல் அனுமதி வாங்காத ஆலைகளுக்கான மத்திய அரசின் நடைமுறைக்கு மதுரைக் கிளை போட்ட தடை, அதன் எல்லைக்கு வெளியே உள்ள திட்டங்களைக் கட்டாது என்றது உச்ச நீதிமன்றம். ஆலை ஜார்க்கண்டில் இருந்தது.

இருபத்தைந்து உயர் நீதிமன்றங்களில் இருபத்துநான்கு மறுத்தாலும் ஒன்று கொடுத்தால் போதும் என்றாகிவிடும் என்கிறது அரசுத் தரப்பு. நியாயமான பயம்தான். ஆனாலும் நான் பம்பாய், சென்னை பக்கம். ஒரு ஆளுக்கு எதிரான உத்தரவை நிறுத்துவது வேறு, விதியையே நிறுத்துவது வேறு. நிறுத்திய விதி கேரள எல்லையில் வாளையாற்றைத் தாண்டியதும் உயிர் பெறுவதற்கு நியாயம் இல்லை. அமெரிக்காவில் ஒற்றை நீதிபதி போட்ட தடையைப் பற்றித்தான் இத்தனை சண்டை. மதுரையில் உட்கார்ந்தது இரண்டு நீதிபதிகள். அரசுக்குப் பொறுக்கவில்லை என்றால், பல உயர் நீதிமன்றங்களில் கிடக்கும் ஒரே மாதிரி வழக்குகளைத் தன்னிடம் வரவழைக்க உச்ச நீதிமன்றத்துக்கு அரசியல் சட்டத்தின் 139ஏ பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவை யார் எப்போது கையில் எடுக்கிறார்கள் என்பது அடுத்த வாரம்.