ஓட்டைக் குடமும் உயர்ந்த மாளிகையும்

ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் வார்த்தாலும் அது நிரம்புவதில்லை. மேலும் மேலும் நீர் வார்ப்பவன் அறிவிலி. முதலில் ஓட்டையை அடைப்பவனே அறிவுடையவன். இவ்வுண்மை குடத்திற்கு மட்டுமன்றி, மக்கள் வாழும் கட்டடங்களுக்கும் பொருந்தும்.

கட்டடங்களைக் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் கோடைக்காலத்தில் குளிர்ச்சியாகவும் வைத்திருக்க ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலின் பெரும்பகுதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதனால் கிடைக்கிறது. அவை எரியுங்கால் வெளிப்படும் கரியமில வாயு, கம்பளி போர்த்தாற்போல நிலவுலகைச் சூழ்ந்து, வெப்பத்தை வெளியேறவொட்டாமல் தடுக்கிறது. அதனால் உலகின் வெப்பம் படிப்படியாக உயர்ந்து வருகிறது. ஆதலின், கட்டடங்களில் ஆற்றல் வீணாகாமற் காத்தல் உலகைக் காக்கும் பணியாகும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, நியூயார்க் நகரிலுள்ள எம்பயர் ஸ்டேட் மாளிகை. 102 மாடிகளையுடைய அது 1931ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. பல்லாண்டுகள் உலகிலேயே மிக உயர்ந்த கட்டடமாக விளங்கிற்று. அதன் சாளரங்கள் வழியாகவும் சுவர்கள் வழியாகவும் குளிர்காலத்தில் வெப்பம் வீணே வெளியேறிற்று. கோடையில் வெயிலின் வெம்மை உள்ளே புகுந்தது. 2009ஆம் ஆண்டில் அதனைச் சீர்திருத்தும் திட்டம் அறிவிக்கப்பெற்றது.

குளிரூட்டும் பொறிகளை மாற்றிப் பெரியனவாக அமைப்பதா என்னும் வினா எழுந்தது. அறிஞர்களோ முதலில் ஓட்டைகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 6,500 சாளரங்களின் கண்ணாடிகள் கழற்றப்பட்டன. அவற்றை எறிந்துவிடவில்லை. மாளிகைக்குள்ளேயே பட்டறை அமைத்து, இரு கண்ணாடிகளுக்கு இடையே மெல்லிய படலம் ஒன்றை வைத்து, வெப்பத்தை எளிதிற் கடத்தாத வாயுவை நிரப்பி, மீண்டும் பொருத்தினர். சுவரையடுத்த வெப்பமூட்டிகளின் பின்னே, வெப்பத்தை அறைக்குள் திருப்பியனுப்பும் தடுப்புகளை வைத்தனர். கோடையில் உட்புகும் வெம்மை குறையவே, பெரிய குளிரூட்டும் பொறிகள் வேண்டாவாயின. பழைய பொறிகளின் உட்பகுதிகளைப் புதுப்பித்தலே போதுமாயிற்று.

இத்தகைய சீர்திருத்தங்களால் ஆற்றற் செலவு நூற்றுக்கு 38 பங்கு குறையும் எனத் திட்டமிட்டோர் கணக்கிட்டனர். 15 ஆண்டுகளில் வெளிப்படாமல் தடுக்கப்பெறும் கரியமில வாயு 1,05,000 டன் என்பதும் அவர்தம் கணக்கு.

விண்ணளாவும் மாளிகைக்கு உதவிய இம்முறை சிறு வீட்டிற்கும் உதவும். வெப்பநாடுகளில் கூரைக்கு வெண்ணிறம் பூசுதலும், சாளரங்களுக்கு நிழல் அமைத்தலும், காற்று எதிரெதிரே வீச வழிவிடுதலும் அறையின் வெம்மையைத் தணிக்கும். அதன் பின்னர்ச் சிறிய பொறியே போதும். சிற்சில வேளைகளில் பொறியே வேண்டியதில்லை. வரவைப் பெருக்குமுன் வீண்செலவைத் தடுத்தல் இல்லறத்திற்கு அழகு. அதுவே உலகிற்கும் நலம்.