மழை நின்ற பிறகு சரிவில் நடப்பது

மழை விட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் மலைக்காட்டு ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது அந்தத் தண்ணீர்? நிலத்தடி நீர் ஊறி வருகிறது என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அந்தப் பதிலோடு நிறைவடையாத ஓர் ஆய்வாளர், மலைச்சரிவின் மண்ணை நீண்ட தொட்டி ஒன்றில் நிரப்பி வைத்துப் பார்த்தார். மிதவெப்பக் காடுகளின் மண் ஈரத்தைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் ஒரு முக்கியப் பகுதி அங்கிருந்து கிளைத்ததுதான்.

அவர் பெயர் ஜான் ஹியூலெட். இடம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியில் உள்ள கோவீட்டா. அமெரிக்க வனத்துறை 1934-இல் அங்கே ஆய்வுக்காடு ஒன்றை நிறுவியது. பல சிற்றோடைகளின் குறுக்கே வி வடிவ வெட்டு கொண்ட சிறு தடுப்புகளைக் கட்டி, நீரோட்டத்தை இரவும் பகலும் அளந்து வருகிறார்கள். அடிவாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை. உச்சியில் அது 2,300-ஐத் தாண்டும். அதுவும் ஒரு பருவத்தில் கொட்டித் தீர்ப்பதில்லை, பன்னிரண்டு மாதமும் பரவலாகப் பெய்கிறது.

இவ்வளவு மழை பெறும் காட்டில் மண் எங்கும் ஒரே ஈரமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கோடையில் முகட்டிலிருந்து ஓடைவரை சில நூறு மீட்டர் இறங்கிப் பார்த்தால் கதை வேறு. மேலே ஓக், பைன் மரங்கள். காலடியில் சருகு நொறுங்கும். மண்ணை அள்ளினால் பொலபொலவென்று விரல் இடுக்கில் உதிரும். இடையில் சரிவு உட்குழிந்த மடிப்புகளில் டூலிப் பாப்ளர் நெடுநெடுவென்று நிற்கும். அங்கே மண் ஆழம் அதிகம், நிறமும் கறுப்பு. ஓடைக்கரையில் ரோடோடெண்ட்ரான் புதர் நுழைய முடியாதபடி அடர்ந்திருக்கும். அதனடியில் பிடித்த மண் கையிலேயே உருண்டையாக நிற்கும்.

இந்த வேறுபாட்டில் வெயிலுக்கும் பங்கு உண்டு. வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்தே செல்வதால், தெற்கு நோக்கிய சரிவு சூடாகிச் சீக்கிரம் உலர்கிறது. வடக்கு நோக்கிய சரிவு ஈரம் காக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஆனால் முகட்டுக்கும் ஓடைக்கும் இடையிலான வேறுபாட்டை வெயிலை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது.

ஹியூலெட்டும் அவருடைய கூட்டாளி ஆல்டன் ஹிப்பர்ட்டும் செய்தது இதுதான். சுமார் 14 மீட்டர் நீளத்தில், மலைச்சரிவைப் போலவே சாய்வாக ஒரு கான்கிரீட் தொட்டி கட்டினார்கள். அதை மண்ணால் நிரப்பி, முழுக்க நனைத்து, ஆவியாகாதபடி மேலே மூடிவிட்டார்கள். பிறகு கீழ்முனையில் வடியும் நீரை அளந்துகொண்டே இருந்தார்கள். ஓரிரு நாளில் வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. நான்கு மாதங்களுக்கு மேல் வடிந்தது. அதற்குள் தொட்டி மண்ணின் பெரும்பகுதியில் துளைகளை முழுக்க நிரப்பும் அளவுக்கு நீரே இல்லை. கொடியில் காயும் ஈர வேட்டியில் மேல்பகுதி உலர்ந்த பிறகும் கீழ்க்கரை சொட்டிக்கொண்டிருப்பதைப் போல, மேல்சரிவு தன் ஈரத்தைக் கீழ்சரிவுக்கு மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. 1963-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

இது சிறிய விஷயமில்லை. மண்ணுக்குள் புக முடியாத மழைநீர் சரிவு முழுவதும் மேலோட்டமாக வழிந்தே ஓடையில் வெள்ளம் வருகிறது என்று 1930-களில் நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் முன்வைத்த விளக்கம் அப்போது கோலோச்சிக்கொண்டிருந்தது. சருகும் மக்கும் வேரும் புழுத் துளையும் நிறைந்த காட்டு மண்ணிலோ, பெரும்பாலான மழை விழுந்த இடத்திலேயே உள்ளே போய்விடுகிறது. கீழ்சரிவு ஏற்கெனவே நனைந்திருப்பதால் அங்கே விழும் மழைதான் முதலில் ஓடையைச் சேர்கிறது. மழை நீடிக்க நீடிக்க நிறைந்த பகுதி மேல்நோக்கி விரிகிறது, விட்டபின் சுருங்குகிறது. ஓடைக்கு நீர் தரும் பரப்பு நிலையானதல்ல என்ற இந்தக் கருத்து இன்று நீரியல் பாடநூல்களில் அடிப்படைப் பாடம்.

சரிவு இப்படி ஈரத்தைப் பங்கிட, மரம் குறுக்கே வந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் இலையுதிர் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது மண் நிறைந்துவிடும். அப்போது ஈரம் நகர்வதைச் சரிவே முடிவு செய்கிறது. வசந்தத்தில் இலை விட்டதும் நிலைமை தலைகீழாகிறது. ஒவ்வொரு மரமும் தன் காலடி மண்ணை உறிஞ்ச, ஈரம் திட்டுத் திட்டாகப் பிரிகிறது. கோடைப் பகலில் சிற்றோடையின் நீர்மட்டமே இறங்கி, இரவில் மறுபடி ஏறுகிறது. 1940-களில் கோவீட்டாவில் ஓடைக்கரைச் செடிகொடிகளை வெட்டிப் பார்த்தார்கள். பகலில் நீர்மட்டம் இறங்குவது பெரும்பாலும் மறைந்துபோனது.

எந்த மரம் என்பதும் முக்கியம். 1950-களில் அங்கே இரண்டு நீர்ப்பிடிப்புகளில் இலையுதிர் மரங்களை அகற்றிவிட்டு வெள்ளை பைன் நட்டார்கள். பதினைந்து ஆண்டுகளில் ஆண்டு நீரோட்டம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. பைன் ஊசியிலைகளை உதிர்த்துவிட்டு ஓய்வதில்லை. குளிர்காலத்திலும் மழையைக் கிளையில் பிடித்து ஆவியாக்குகிறது, மண்ணையும் குடிக்கிறது. நீலகிரியில் புல்வெளி ஓடைகளையும் தைலமர ஓடைகளையும் அருகருகே ஒப்பிட்டு அளந்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது. முதல் பத்து ஆண்டுகளில் தைலமர ஓடைகளின் நீர்வரத்து 16 சதவீதம் சரிந்தது. மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவது ஆபத்தானது. எந்த மரம், எந்தச் சரிவில் என்று கேட்காத பேச்சை நான் ஏற்கத் தயாராக இல்லை.

இன்னும் கிட்டே போனால் ஓர் அடிக்கு ஓர் அடி ஈரம் மாறுவது தெரியும். பீச் மரத்தின் வழவழப்பான பட்டையில் மழைநீர் தண்டு வழியே வழிந்து அடிவேரில் குவிகிறது. புயலில் வேரோடு சாய்ந்த மரம் ஒரு குழியையும் பக்கத்திலேயே ஒரு மேட்டையும் விட்டுச் செல்கிறது. குழியில் சருகும் நீரும் தேங்கும், மேடு காயும். மரம் மக்கி மண்ணாகிப் பல தலைமுறை கழிந்த பின்னும் அந்த மேடுபள்ளம் மிஞ்சும். நியூயார்க் மாநிலத்தில் ஆய்வாளர் டாட் டாசன் 1993-இல் காட்டியது இன்னும் வியப்பானது: சர்க்கரை மேப்பிள் இரவில் ஆழத்து நீரை வேர்வழி மேலேற்றி மேல்மண்ணில் கசியவிடுகிறது, பக்கத்துச் சிறு செடிகள் அதைக் குடிக்கின்றன.

இதையெல்லாம் அளப்பது எப்படி? முன்பு மண்ணைத் தோண்டி எடுத்து, எடை பார்த்து, அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை பார்க்க வேண்டும். தோண்டிய இடத்தைத் திரும்ப அளக்க முடியாது. 1980-இல் கனடாவின் ஆய்வாளர் டாப்பும் கூட்டாளிகளும் காட்டிய வழியில், எஃகுக் கம்பிகளை மண்ணில் செருகி மின்துடிப்பு அனுப்பினால் போதும். நீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80. உலர்ந்த மண்ணுக்கு அது ஒற்றை இலக்கம். அந்த மாறிலி கூடினால் துடிப்பு மெதுவாகும் என்பதால், ஈரம் கூடக்கூட அது திரும்பி வரத் தாமதமாகும். ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் அளக்க இது வழிவிட்டது.

கோவீட்டாவில் காடே இப்போது மாறிவருகிறது. செஸ்ட்நட் மரங்களைச் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் பூஞ்சை நோய் அழித்தது; ஓடைக்கரை ஹெம்லாக்கை இந்த நூற்றாண்டில் ஒரு சிறு பூச்சி கொன்றது. காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகளாக அடக்கி வைத்ததால், உலர்ந்த சரிவுகளில் ஓக்கின் இடத்தைச் செம்மேப்பிளும் டூலிப் பாப்ளரும் பிடிக்கின்றன. அவற்றின் இலைச்சருகு தட்டையாகப் படிந்து ஈரம் காக்கிறது, தீயையும் தடுக்கிறது. ஆனால் அதே பருமனுள்ள ஓக்கைவிட அவை அதிகம் குடிக்கின்றன. வெப்பமும் மழையும் மாறியதை மட்டும் வைத்து விளக்க முடியாத அளவுக்கு ஓடைகளின் நீர்வரத்து குறைந்துள்ளதை அந்த வி வடிவத் தடுப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த ஓடைகள் லிட்டில் டென்னசி ஆற்றில் கலக்கின்றன. அப்பகுதி மலைகளின் வறண்ட முகடுகளில் கட்டுப்படுத்திய தீ வைத்து ஓக் கன்றுகளுக்கு இடம் விட வனத்துறை முயன்று வருகிறது. அதனால் ஓடையில் தண்ணீர் கூடுமா என்பது அந்தக் கன்றுகள் மரமான பிறகே அளவில் தெரியும்.